கண் கிடைக்கவில்லை, தொடர்கிறேன்

என் அண்ணி கீபோர்டால் ஒரு ஆளின் பல்லை உடைத்தவர். வெளியே யாராவது கை கால் வைத்துச் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட, வீட்டு ஆளான நானே முதலில் சொல்லிவிடுகிறேன். உடைந்தது மேல்வரிசை முன்பல். கீபோர்டும் இரண்டாக உடைந்தது. எங்கள் பட்டறையின் கண்ணாடி அறையில் ஒரு வாரம் வரைக்கும் மேசைக்கு அடியிலிருந்து எழுத்துக் கட்டைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

நானும் அண்ணனும் வேலை செய்வது தகடு அடிக்கிற பட்டறையில். மின்விசிறி மூடி, பூட்டுப் பெட்டி, அடுப்பின் பக்கத் தகடு என்று எதையாவது அடித்துக்கொண்டே இருப்போம். மொத்தம் ஆறு பிரஸ். தட்டையான தகட்டைக் கீழ் அச்சில் வைத்துப் பெடலை மிதித்தால், மேல் அச்சு எண்பது டன் அழுத்தத்தோடு இறங்கும். தகட்டை வைப்பதும் கைதான், எடுப்பதும் கைதான். அதனால் ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் மேலே ஒரு கேமரா உண்டு. அச்சுக்குள் கை இருக்கிறதா என்று ஒரு புரோகிராம் பார்த்துக்கொண்டே இருக்கும். இருந்தால், பெடலில் ஏறி நின்று குதித்தாலும் மேல் அச்சு இறங்காது. இதை நாங்கள் கண் என்போம்.

இந்தப் புரோகிராம்கள் ஓடுகிற கம்ப்யூட்டர் இருப்பது கண்ணாடி அறையில். ஆறு வருஷத்துக்கு முன்பு அங்கே வேறொருவர் இருந்தார். கண் புரோகிராம்கள் ஆறும் ஒரே நிரல் மொழியில் எழுதப்பட்டவை. அந்த மொழியைக் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்து வைத்திருப்பார்கள். அதற்குப் புதிது புதிதாக வெர்ஷன் வரும். ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால், அந்த மனுஷர் பழைய வெர்ஷனைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் புதியதைப் போட்டார். கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. திருப்தியாகச் சாப்பிடப் போய்விட்டார்.

கண் தனியாகப் பார்க்காது. கேமராவிலிருந்து படத்தை வாங்கிக் கொடுப்பதற்கென்று ஒரு துணை பேக்கேஜ் இருக்கிறது. அது பழைய வெர்ஷனுக்காகச் செய்தது, புதியதோடு ஒட்டாது. ஒட்டாவிட்டால் பிரஸ் நின்றிருக்க வேண்டும், இல்லையா? ஆனால் அந்தப் புரோகிராமை எழுதிய புண்ணியவான் சத்தம் போடுவது அநாகரிகம் என்று நினைத்தவன்போல. கண் கிடைக்கவில்லை என்றால் லாக் என்கிற பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு வேலையைப் பார் என்று எழுதி வைத்திருந்தான்.

நான் இரண்டாம் நம்பர் பிரஸ்ஸில் இருந்தேன். கோணலாக இருந்த தகட்டை இடது கையால் தட்டினேன். வலது கால் பெடலில் இருந்தது. கண் பார்த்துக்கொள்ளும் என்ற பழக்கத்தில் கால் எப்போதுமே பெடலில்தான் இருக்கும். சத்தம் கூட வேறு மாதிரி கேட்கவில்லை. தகட்டை எடுத்தபோது மோதிர விரலும் சுண்டு விரலும் அதில் நகத்தோடு தட்டையாக ஒட்டியிருந்தன. அவை என்னுடையவை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம்தான் கத்தினேன்.

அண்ணி அப்போது சரக்கு அனுப்பும் பிரிவில் சீட்டு டைப் அடித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் படித்தவர். பெண் பார்க்கப் போனபோது எங்களிடம் சொல்லிக்கொள்ள மட்டுமே பயன்பட்ட படிப்பு அது. ஓடி வந்தவர், என் சட்டைக் கையைக் கிழித்து மணிக்கட்டை இறுக்கிக் கட்டி, அண்ணனோடு என்னை வண்டியில் ஏற்றினார். பிறகு நேராகக் கண்ணாடி அறைக்குப் போய் லாக்கைத் திறந்தார்.

ஒரே வரிதான். கண் கிடைக்கவில்லை, தொடர்கிறேன். கண் கிடைக்கவில்லை, தொடர்கிறேன். என் பிரஸ்ஸுக்கு மட்டும் நூற்றுப் பதினேழு தடவை. நூற்றுப் பதினெட்டாவதில் நான் இருந்தேன்.

பல் குத்திக்கொண்டே வந்த அந்த மனுஷர் சொன்னாராம்: "புது வெர்ஷன் நல்லதுதானே? பழசை எடுத்துட்டுப் புதுசு போட்டேன். இதுல என் தப்பு என்ன இருக்கு?"

கீபோர்டு அப்போதுதான் எழும்பியது. நான் அதைப் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதில் இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு.

அவர் மறுநாள் வேலைக்கு வரவில்லை. முன்பிருந்தவனுக்குப் பல் போன அறைக்குப் புதிதாக வருவதற்கு யாருக்கும் துணிச்சல் வரவில்லை. முதலாளி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த நாற்காலியை அண்ணியிடமே கொடுத்துவிட்டார். அண்ணி உட்கார்ந்ததும் செய்த முதல் வேலை, பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டு அந்த வரியை மாற்றியதுதான். கண் கிடைக்கவில்லை, நிறுத்துகிறேன்.

கண் வேலை செய்தால் மட்டும் எரிகிற ஒரு விளக்கையும் ஒவ்வொரு பிரஸ் தலைமேலும் மாட்டினார். ஆனால் ஆட்கள் பிரஸ்ஸுக்குத் திரும்ப மறுத்தார்கள். கழுவியும் ரத்தக் கறை இன்னும் போகவில்லை, யார்தான் போவார்கள்? அண்ணி இரண்டாம் நம்பர் முன்னால் நின்று சொன்னார்: "இனிமே இந்தப் புரோகிராமை யார் தொடுறாங்களோ அவங்க கைதான் முதல்ல உள்ள போகும். நான் தொட்டா என் கை. முதலாளி தொட்டா முதலாளி கை."

அன்றிலிருந்து இதுதான் எங்கள் வழக்கம். ஒரு எழுத்தை மாற்றினாலும் சரி, முதலில் களிமண் அடைத்த கையுறையை அச்சுக்குள் வைத்து ஐம்பது தடவை பெடலை மிதிப்போம். மேல் அச்சு ஒரு தடவைகூட அசையக் கூடாது. அப்புறம் அண்ணி தன் வலது கையை முழங்கை வரை உள்ளே நீட்டுவார். பெடலில் கால் வைப்பவன் நான். என்னை ஏன் என்று முதல் நாள் கேட்டேன். கட்டுப் பிரித்த கையோடு அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன்.

"விரல் போறதுன்னா என்னன்னு உனக்குத்தான் தெரியும். நான் 'மிதி'னு சொன்னா மட்டும் மிதி. அதுக்கு முன்னாடி காலைத் தரையிலேருந்து தூக்கவே கூடாது," என்றார்.

அவர் 'மிதி' என்றார். மிதித்தேன். அச்சு அசையவில்லை. நான் வெளியே ஓடிப் போய் வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு நாற்பது தடவைக்கு மேல் அண்ணியின் கை உள்ளே போயிருக்கிறது. ஒரு தடவைகூட அவர் சொல்லாமல் நான் மிதித்ததில்லை.

அண்ணியின் கோபத்துக்கு இன்னொரு உதாரணம் சொல்கிறேன். ஒரு ஃபிட்டர், சார்ஜ் ஏற்ற என்று தன் போனைக் கொண்டுபோய்க் கண்ணாடி அறைக் கம்ப்யூட்டரில் சொருகினான். அண்ணி வந்தார். போனை உருவினார், இரண்டாம் நம்பர் அச்சில் வைத்தார், மிதித்தார். அவனிடம் திருப்பிக் கொடுத்தபோது அது பேப்பர் மாதிரி இருந்தது. வீட்டிலும் இப்படித்தான். அண்ணனோ வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவன். அவனைத் திட்டும்போதும் அண்ணி 'நீங்க, வாங்க, போங்க' என்று மரியாதையாகத்தான் திட்டுவார். தட்டு பறக்கும், மரியாதை குறையாது.

அந்த அண்ணன் வேலை செய்வது நாலாம் நம்பர் பிரஸ்ஸில். ஆறிலும் அதுதான் கிழடு. கேமராவும் கிழடு.

இந்த வருஷம், எங்களிடம் தகடு வாங்குகிற கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற மொழியின் வெர்ஷன் செத்துப்போனது, இனி யாரும் அதில் ஓட்டை அடைக்க மாட்டார்கள், புதியதுக்கு மாறு, இல்லாவிட்டால் சரக்கு எடுக்க மாட்டோம் என்றார்கள். இந்தச் செய்தியைக் கொண்டு வந்தவர் மாப்பிள்ளை சார். முதலாளியின் மகளைக் கட்டியவர். அந்த ஒரு தகுதியால் பட்டறை ஆட்கள் அறுபது பேருக்கும் மாப்பிள்ளை.

"ஒரு மணி நேர வேலைதானே?" என்றார் மாப்பிள்ளை.

"பிடுங்கறதுக்கு அரை மணி நேரம் போதும் சார்," என்றார் அண்ணி. "விரல் பொறுக்கத்தான் நேரமாகும்."

அண்ணி அதைச் செய்த விதத்தைச் சொல்லியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது. பழையதைத் தொடவே இல்லை. எந்தப் பிரஸ் எந்த பேக்கேஜை நம்பியிருக்கிறது, அந்த பேக்கேஜ் எத்தனாவது வெர்ஷன் என்று அட்டைகளில் எழுதிச் சுவர் முழுக்க ஒட்டினார். புதிய வெர்ஷனைப் பழையதுக்குப் பக்கத்தில், வேறு ஃபோல்டரில் போட்டார். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் தனித்தனியாக இடம் ஒதுக்கி, அதற்கு வேண்டிய பேக்கேஜ்களை அந்த இடத்திலேயே புதிதாகச் சேர்த்தார். ஒன்றாம் நம்பரை மாற்றினார், களிமண் கை, அப்புறம் தன் கை. பிறகு இரண்டாம் நம்பர். சாப்பிடும்போது அண்ணனுக்கு விளக்கிச் சொன்னார்: "ஆள் குடியிருக்கிற வீட்டை யாராவது இடிப்பாங்களா? பக்கத்துல புது வீட்டைக் கட்டி, ஒவ்வொருத்தரா குடி மாத்தணும். கடைசி ஆள் வெளிய வந்தப்புறம்தான் பழசை இடிக்கணும். அவ்வளவுதாங்க."

பதினொரு நாளில் ஐந்து பிரஸ் குடி மாறிவிட்டன. நாலாம் நம்பர் மட்டும் மாறவில்லை. அந்தக் கிழட்டுக் கேமராவுக்குப் படம் வாங்கித் தரும் பேக்கேஜைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. புதிய வெர்ஷனுக்கு அதை யாரும் செய்யப் போவதில்லை. புதுக் கேமரா ஒன்றுதான் வழி. அண்ணி கேட்டு எழுதிக் கொடுத்த தாள் மாப்பிள்ளையின் மேசையில் ஒரு மாதமாக டீ கிளாஸுக்கு அடியில் கிடந்தது. கேமரா வரும்வரை நாலாம் நம்பருக்காகப் பழைய வெர்ஷன் இருக்கட்டும் என்று அண்ணி விட்டுவைத்தார். அந்த ஃபோல்டருக்குள் 'தொடாதே' என்று ஒரு ஃபைல் வைத்தார். கம்ப்யூட்டர் மேலும் அதையே எழுதி ஒட்டினார். 'தொடாதே. நாலாம் நம்பர் இதில்தான் ஓடுகிறது.'

தகடு வாங்குகிற கம்பெனி ஆட்கள் வியாழக்கிழமை காலையில் சோதனைக்கு வருவதாகத் தகவல் வந்தது. அண்ணி புதன்கிழமையே கிளம்பிப் பக்கத்து ஊருக்குப் போனார். விற்கிறவனிடம் நின்று சண்டை போட்டு, தன் கையாலேயே கேமராவை வாங்கி வரலாம் என்று.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளை கண்ணாடி அறைக்குள் போனார். அவசரத்துக்கென்று அண்ணி முதலாளியிடம் கொடுத்து வைத்திருந்த பாஸ்வேர்டு அவர் கையில் இருந்தது. பழைய வெர்ஷன் கிடப்பதைப் பார்த்தால் வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தார். ஃபோல்டரோடு அழித்தார். ஒட்டியிருந்த தாளையும் கிழித்துக் கசக்கிப் போட்டார்.

நாலாம் நம்பர் நின்றது. நிற்கத்தானே வேண்டும்? கண் கிடைக்கவில்லை, நிறுத்துகிறேன். அண்ணி ஆறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய வரி தன் வேலையைச் செய்தது. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். மாப்பிள்ளைக்கு வியர்த்தது. வருகிறவர்கள் முன்னால் ஒரு பிரஸ் நிற்கலாமா? எங்களையெல்லாம் டீ குடிக்க அனுப்பினார். திரும்பி வந்தபோது நாலாம் நம்பர் ஓடத் தயாராக இருந்தது.

"சரி பண்ணிட்டேன். ஓட்டு," என்றார்.

"கை வச்சுப் பாத்தீங்களா சார்?" என்று அண்ணன் கேட்டான்.

"நீங்க டீ குடிக்கப் போனப்ப வச்சேன். நேரமாகுது, ஓட்டு."

அண்ணன் நம்பினான். கை வைத்தேன் என்று ஒரு மனுஷன் பொய் சொல்ல முடியும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. எது வேண்டுமானாலும் சொல்லலாம், அதை மட்டும் சொல்லக் கூடாது. எங்களுக்கு அது அப்படி.

வந்தவர்கள் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், முதலாளி அறைக்குள் போனார்கள். அண்ணன் மூன்று மணி நேரம் ஓட்டினான்.

அண்ணி கேமராப் பெட்டியோடு உள்ளே நுழைந்தபோது மணி பன்னிரண்டு. நான் இரண்டாம் நம்பரிலிருந்து பார்த்தேன். வாசலிலேயே அவர் கால் நின்றுவிட்டது. நாலாம் நம்பர் தலைமேல் இருக்கிற கண் விளக்கு எரியவில்லை. விளக்கு எரியாமல் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் அண்ணனின் கை போய் வந்துகொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். கத்தியிருந்தால் அண்ணன் திரும்பியிருப்பான், கை உள்ளே இருக்கும்போதே கால் மிதித்திருக்கும். அண்ணி கத்தவில்லை. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, பிரஸ்ஸின் பின்னால் இருக்கிற பேனல் பக்கம் நடந்தார். அரை நிமிஷத்தில் திரும்பி வந்தார். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அண்ணன் அடித்த தகட்டை அடுக்கக் குனிந்த சமயம் பார்த்து, அவன் காலரைப் பிடித்து இழுத்து ஒரு அறை விட்டார்.

"விளக்கு எரியலையே, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"மாப்பிள்ளை சார் கை வச்சுப் பாத்தாராம்…" என்றான் அண்ணன், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

எல்லாரும் பிரஸ்ஸை நிறுத்திவிட்டுக் கூடினோம். மாப்பிள்ளையும் வந்தார். அண்ணி பேனலைக் கை காட்டினார். நிறுத்தச் சொல்லும் ரிலேயின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு செம்புக் கம்பி சேர்த்துக் கட்டியிருந்தது. கண் நிறுத்து என்று எத்தனை தடவை கத்தினாலும் பிரஸ்ஸுக்குக் கேட்காது. மூன்று மணி நேரம். எனக்கு என் இரண்டு விரலும் மறுபடி போனது மாதிரி இருந்தது.

"கை வச்சியா?" அண்ணி முதல் தடவையாக அவரை ஒருமையில் கேட்டார்.

"மரியாதையாப் பேசு. வச்சேன்னு சொன்னேன்ல?"

"இப்ப வை."

மாப்பிள்ளை அண்ணியின் முகத்தில் குத்தினார். அறை கூட இல்லை, குத்து. உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத என் அண்ணன் அவர்மேல் பாய்ந்து தோளைக் கடித்தான். மாப்பிள்ளை அலறினார், அண்ணனை முழங்காலால் இடித்துத் தள்ளினார். அதற்குள் அண்ணி அவர் கையை முதுகுப்பக்கம் முறுக்கிப் பிடித்துவிட்டார். எண்ணெய்த் தரையில் வழுக்க வழுக்க இழுத்துக்கொண்டு போய், முழங்கையை அச்சுமேல் அழுத்தி, உள்ளங்கையை எண்பது டன்னுக்கு அடியில் விரித்து வைத்தார். மோட்டார் ரீங்காரம் போட்டது. ஒருவரும் தடுக்கவில்லை.

"விடு! விடுங்க! வைக்கல! நான் வைக்கல! கம்பி சுத்தினது நான்தான்!"

பெடல் என் காலுக்கு அருகில் இருந்தது. வழக்கமாக நான் நிற்கிற இடம், கால் தானாகவே அங்கே போயிருந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். அப்படி இல்லை. அந்த ஐந்து விரலும் தகடாகிப் போக வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அண்ணி 'மிதி' என்று சொல்லவில்லை. நான் மிதித்தேன். ஒன்றும் நடக்காததால் இன்னொரு தடவை மிதித்தேன், முழு பலத்தோடு.

மேல் அச்சு அசையவில்லை.

மாப்பிள்ளை சரிந்து விழுந்தார். அவர் பேன்ட் நனைந்திருந்தது. அண்ணி அவரைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு ஓடி வந்த முதலாளி கம்பியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், அண்ணியின் உதட்டைப் பார்த்தார். கம்பியைத் தானே பிய்த்து எறிந்துவிட்டு, மருமகனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மாப்பிள்ளை பட்டறைப் பக்கம் வரவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் அண்ணி புதுக் கேமராவை மாட்டினார். நாலாம் நம்பரும் புது வெர்ஷனுக்குக் குடி மாறியது. களிமண் கை ஐம்பது தடவை உள்ளே இருந்தது, ஐம்பது தடவையும் கண் பிடித்தது. அண்ணி சட்டைக் கையை மடித்தார். நான் பெடலுக்குப் போனேன்.

"நீ வேண்டாம்," என்றார்.

"அண்ணி…"

"நான் மிதினு சொன்னேனா?"

"இல்ல அண்ணி."

அவர் பைக்குள் கைவிட்டு ஒரு சின்ன ஃபியூஸை எடுத்து என் முன்னால் நீட்டினார். "உள்ள வந்ததும் பேனல்லேருந்து இதை எடுத்துட்டேன். இது இல்லாம மோட்டார் ஓடும், அச்சு இறங்காது. அது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமத்தானே மிதிச்ச?"

 அவர் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. ஒரு கீபோர்டை எடுத்து என் பல்லை உடைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஃபியூஸைக் கொண்டுபோய்ப் பேனலில் சொருகிவிட்டு வந்தார். கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த அண்ணனைக் கூப்பிட்டு என் இடத்தில் நிறுத்தினார்.

"நான் சொன்னா மட்டும் மிதிங்க. புரியுதா?"

அண்ணன் தலையாட்டினான்.  அண்ணி வலது கையை முழங்கை வரை உள்ளே நீட்டினார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நான் கூட்டத்தோடு தள்ளி நின்று, மூன்று விரல் கையை மடக்கிக்கொண்டு பார்த்தேன்.

"மிதிங்க," என்றார் அண்ணி.